ஒடியலோடு காய்ந்த ஆறு பற்றரிகள்

விமானங்களைப் பற்றி எனக்கு இன்றைக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை. ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கைக்காரர்கள் கண்ணை மூடிக் கடவுளை நினைப்பார்கள். நான் பற்றரியை நினைப்பேன். ஓடுபாதையில் அது வேகமெடுக்கும்போது, இதை எத்தனை மணித்தியாலம் வெயிலில் வைத்திருப்பார்களோ என்று ஒரு கவலை வரும். காரணம் எங்கள் ஊரான நாரந்தனையில், நான் நாலாம் வகுப்புப் படித்தபோது விரித்த ஓர் ஓலைப்பாயில் கிடக்கிறது.

அப்பாவுக்குக் கப்பலில் வேலை. எனக்கு நாலு வயதாக இருந்தபோது புறப்பட்டவர். வருடத்துக்கு மூன்று கடிதம் வரும். மூன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: லீவு கிடைத்ததும் வருவேன். லீவு என்பது தரையில் மட்டும் விளைகிற ஏதோ பயிர், கடலில் போகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை என்று நான் விளங்கி வைத்திருந்தேன். அப்பா எப்படி இருப்பார் என்று வகுப்பில் யாராவது கேட்டால் கலியாணப் படத்தில் இருப்பவரை வர்ணிப்பேன். அவர் கழுத்தில் மாலையுடன்தான் கப்பலில் வேலை செய்கிறார் என்று பலர் நம்பியிருக்கக் கூடும்.

அந்த வருடம் அப்பாவோடு வேலை செய்யும் ஒருவர் ஊருக்கு வந்தார். அவருக்கு மட்டும் எப்படியோ லீவு விளைந்திருந்தது. அவர் கையில் எனக்கொரு பார்சல் வந்தது. உள்ளே வெள்ளை நிறத்தில் ஒரு விமானம். பஞ்சு மாதிரிப் பாரமில்லாதது. கூடவே நீளக் கம்பி நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டி. நிலத்தில் நின்று அதன் பொத்தானை அமத்தினால் மேலே விமானம் திரும்புமாம். விமானத்தின் வயிற்றுக்கு மூன்று சின்னப் பற்றரிகள், மாற்றுக்கு மூன்று. அவற்றுக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு கறுப்புப் பெட்டி. அதன் வயரின் நுனியில் ஒரு பிளக். ஒரு துண்டுக் கடிதமும் இருந்தது: 'பறக்கவிட்டுப் பார்த்து, எப்படிப் பறந்தது என்று உன் கையால் எழுது.'

அப்பா என்னிடம் ஒன்று கேட்டது அதுவே முதல் தடவை. அதுவரை அவருடைய கடிதங்களில் நான் 'பிள்ளை சுகமா' என்ற இரண்டு சொற்களாகத்தான் இருந்தேன். இப்போது எனக்கென்று ஒரு தாள் வந்திருக்கிறது. விமானம் பறக்காவிட்டால் நான் என்ன எழுதுவது? எழுதாவிட்டால் அவர் எப்படித் திரும்ப எழுதுவார்?

அம்மா விமானத்தைப் பார்க்கவில்லை. பிளக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். எங்கே குத்துவதென்று தேடுகிறாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. மின்கம்பங்கள் பெரிய தெருவோடு நின்றுவிட்டன. எங்கள் ஒழுங்கைக்குள் வந்ததெல்லாம் மாடும் மழைவெள்ளமும்தான். நாங்கள் அரிக்கேன் லாம்புக்காரர்.

அம்மாவின் தம்பியான சின்ன மாமா வந்து, பார்சலோடு இருந்த ஆங்கிலச் செய்முறைத் தாளை வாசித்தார். மாமா கந்தோரில் கோப்பு எழுதும் எழுதுவினைஞர். எந்தத் தாளையும் நீட்டிப் பிடித்து, தொண்டையைச் செருமிவிட்டுத்தான் வாசிப்பார்.

"முதல் பறப்புக்கு முன்னம் பதினாலு மணித்தியாலம் சார்ஜ் ஏத்த வேணுமாம். அது பெரிய வேலையே? தெருமுகப்பு வாத்தியார் வீட்டிலை கறண்ட் இருக்குத்தானே. குடுத்தால் ரெண்டு நாளிலை முடிஞ்சிடும்."

"வேண்டாம்" என்றாள் அம்மா.

"ஏனக்கா? அவை ஒண்டும் சொல்ல மாட்டினம். பாத்துச் சந்தோசப்படுவினம்."

"பாப்பினம். அதுதான் வேண்டாம் எண்டுறன். தம்பி, இந்தப் பிளக்கை ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம்."

மாமா ஒரு நிமிடம் அம்மாவையே பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். பிறகு விஞ்ஞானத்தைக் கைவிட்டார்.

"சரி. பற்றரி எண்டால் பற்றரிதான். ரோச்லைற் பற்றரி செத்தால் என்ன செய்யிறனாங்கள்? வெயில் காட்டுறம். உயிர் வருகுதுதானே?"

அது உண்மை. எங்கள் ஊரில் எல்லா வீட்டுக் கூரையிலும் நாலு ரோச்லைற் பற்றரியாவது காய்ந்துகொண்டிருக்கும். மாமா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார்: ஒரு நாளைக்கு நல்ல வெயில் ஏழு மணித்தியாலம், ஆகவே பதினாலுக்கு இரண்டு நாள். இந்தக் கணக்கில் நான் இன்றுவரை ஒரு பிழையும் கண்டுபிடிக்கவில்லை.

முற்றத்தில் பாய் விரித்து, கிழித்த பனங்கிழங்கு ஒடியலுக்காகக் காய்ந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் ஆறு பற்றரிகளையும் படுக்கவைத்தோம். காகம் கலைக்க நான் வேப்பமர நிழலில் தடியோடு இருந்தேன். மற்றப் பிள்ளைகள் வெளியில் கிளித்தட்டு மறிக்கும் சத்தம் கேட்டது. ஒருத்தி வேலிப் பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்து, "எடியே, ஒடியலுக்குக் காவலோ? வாவன் விளையாட" என்றாள். பற்றரியைப் பற்றிச் சொன்னால் பிளக்கைப் பற்றியும் சொல்லவேண்டி வரும். "ஏலாது" என்றேன். அவள் போய்விட்டாள். இரண்டு நாளும் நானும் ஆறு பற்றரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் ஐந்து பற்றரிகள். ஒன்றைக் காகம் கொண்டுபோய்விட்டது. அந்தக் காகம் அதற்குப் பிறகு பறந்ததற்கும் பற்றரிக்கும் சம்பந்தமில்லை என்று மாமா சொன்னார்.

மூன்றாம் நாள் பின்னேரம், அறுவடை முடிந்த வயலில் மாமா விமானத்தைத் தலைக்குமேல் பிடித்தார். "பிள்ளை, அமத்து!" அமத்தினேன். உழவு மாடு தும்மினது போல ஒரு சத்தம். காற்றாடி சுற்றியது! உண்மையாகவே சுற்றியது! மாமாவுக்கே அது அதிர்ச்சி. கைவிட்டுவிட்டார். விமானம் நாலு முழம் போய், மூக்கை அரிதாளுக்குள் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு அது அசையவில்லை. மேய்ந்துகொண்டிருந்த பசு ஒன்று வந்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்பியது.

ஆனால் சுற்றியதே! வெயில் போதாது, அவ்வளவுதான் என்று நான் முடிவுகட்டினேன். பிறகு ஒரு மாதம் பள்ளிக்கூடம் விட்டதும் தடியும் நானும் முற்றத்தில். மாமா வருவது குறைந்தது. வந்தாலும் முற்றத்துப் பக்கம் பார்க்காமல் அம்மா சமைக்கும் குசினிக்குள் போய்விடுவார். கடைசியில் பற்றரிகளின் நுனியில் வெள்ளையாகத் தூள் பூத்தது. ஒடியல் மா என்று நினைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது.

அன்றைக்கு அம்மாவிடம் கத்தினேன். "வாத்தியார் வீட்டை குடுத்திருந்தால் பறந்திருக்கும்! நீங்கள்தான் விடேல்லை!" அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள்.

"பறந்தது எண்டு எழுது. கொப்பர் சந்தோசப்படட்டும்."

எழுதினேன். பொய் எழுதுவதற்கு எனக்கிருந்த கையை அன்றுதான் கண்டுகொண்டேன், பிறகு அதையே தொழிலாக வைத்துக்கொண்டேன். விமானம் பனைக்கு மேலால் போனது, கடலைத் தொட்டுத் திரும்பியது, ஊரே கைதட்டியது. காகத்தையும் விடவில்லை. அது பயந்து ஓடியது.

அம்மா வாசித்தாள். அடியில் இருந்த இடத்தில் ஒரு வரி எழுதினாள். பிறகு அந்த வரியை அடித்தாள். திரும்பத் திரும்ப அடித்ததில் தாள் நைந்துபோயிற்று. தாளைத் தந்துவிட்டு எழும்பிப் போனாள்.

தாளை வெளிச்சத்தில் பிடித்தால் கோடுகளுக்குக் கீழே வாசிக்கக்கூடியதாக இருந்தது: 'எங்கடை வீட்டிலை கறண்ட் இல்லை எண்டது உங்களுக்கு ஞாபகமில்லையே?'

எனக்கு அம்மாவை நினைக்கப் பாவமாக இருந்தது. கறண்ட் வேண்டுமென்றால் கிராமசபைக்கல்லவா எழுதவேண்டும், கப்பலில் இருப்பவருக்கு எழுதி என்ன பலன்? அதோடு, அப்பா என்னிடம் கேட்ட முதல் கடிதம் இப்படி அழுக்காகப் போகக்கூடாது. புதிய தாள் எடுத்து, குப்பி லாம்பைக் கிட்ட இழுத்து வைத்து, எல்லாவற்றையும் அழகான எழுத்தில் திரும்ப எழுதினேன். பனை, கடல், கைதட்டல், காகம், எல்லாம். அம்மா அடித்திருந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன்.