தெரியாது என்று எழுதிய பிள்ளைகள்

திட்ட மதிப்பீட்டாளர் என்றால், அடுத்தவர் சமைத்ததைச் சமைத்தவர் முன்னாலேயே உட்கார்ந்து ருசி பார்த்து, முகம் மாறாமல் எழுந்து வரவேண்டிய ஆள். விடைத்தாள் திருத்துகிறவர்கள், கல்யாண வீட்டில் "சாப்பாடு எப்படி?" என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் என் இனம்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தென்காசியை ஒட்டி, குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு பள்ளி. அங்கே பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓராண்டுப் பயிற்சி. உடல்நலம் பற்றி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போகவேண்டும், மக்களிடம் கேட்கவேண்டும், வந்த பதிலை வைத்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று கற்கவேண்டும். செலவு ஓர் அறக்கட்டளையுடையது. இதனால் பயன் உண்டா என்று பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அடுத்த ஆண்டு பயிற்சி நடக்குமா, மூடிவிடுவார்களா என்பது அந்த அறிக்கையில் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியும், இதையெல்லாம் தீர்மானிக்க நான் யார் என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை. சம்பளம் வருகிற அன்று மட்டும் கொஞ்சம் குறையும்.

முதல் தேர்வு

பயிற்சி தொடங்குமுன் ஒரு தேர்வு. முடிந்தபின் அதே கேள்விகளோடு இன்னொரு தேர்வு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பயிற்சியின் பயன். ஆகவே முதல் தேர்வில் பிள்ளைகள் திணறவேண்டும், அதுதான் அழகு. அச்சடிப்பதற்காகக் கேள்வித்தாளை உயிரியல் ஆசிரியை ஸ்டெல்லா டீச்சருக்கு அனுப்பிவைத்தேன்.

ஒருவரும் திணறவில்லை. கடைசி பெஞ்சு வரைக்கும் நூற்றுக்கு நூறு. 'அருவியில் குளித்தால் சளி பிடிக்கும்: சரியா, தவறா?' என்பதற்கு வகுப்பே 'தவறு' என்று எழுதி, அடியில் ஒரே மாதிரி கோடும் போட்டிருந்தது. வெளியாள் வந்து தேர்வு வைத்தால் அது இன்ஸ்பெக்‌ஷன். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் பிள்ளைகளைத் தயார்செய்ய வேண்டும். எல்லாப் பள்ளியிலும் நடப்பதைத்தான், நான் அனுப்பிய கேள்வித்தாளை வைத்து டீச்சரும் செய்திருந்தார். "இனி இவங்க எங்கே டீச்சர் முன்னேறுறது?" என்றேன்.

"என்ன சார் இப்படிக் கேக்கிய? வந்த ஆளை வெறும் பேப்பரோட அனுப்பினா எங்க பள்ளிக்கூடத்துக்கு மரியாதையா?"

ஈரத்துண்டு

சீசன் நேரம், குற்றாலத்தில் நல்ல சாரல். அருவிக் குளியலால் சளி பிடிக்குமா என்பது இசக்கியம்மாள் எடுத்துக்கொண்ட கேள்வி. யாரிடம் பேசினாலும் முதலில் சம்மத வாசகத்தை முழுக்க வாசித்துக்காட்டி ஒப்புதல் வாங்கவேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவள் சொன்னதைச் செய்கிற பெண். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்த ஓர் அண்ணாச்சியை நிறுத்தி வாசிக்கத் தொடங்கினாள். 'எந்த நேரமும் நீங்கள் விலகிக்கொள்ளலாம்' என்ற வரி வந்ததும் அவர் ஆசையாக நிமிர்ந்தார். "இன்னும் முடியல அண்ணாச்சி" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

கடைசியில் ஒருவழியாக, "உங்களுக்குச் சளி இருக்கா?" என்று கேட்டாள். அவர் பலமாகத் தும்மிவிட்டு, "நீ வாசிக்க ஆரம்பிக்கையில இல்ல பாப்பா. இப்ப வந்துட்டு" என்றார். இசக்கியம்மாள் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார், இதை அருவி கணக்குல எழுதவா, நம்ம கணக்குல எழுதவா?"

கல்லாவுக்கு மேல்

மாடசாமிக்குப் பரோட்டா. தினமும் பரோட்டா தின்கிறவர்களுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க, செங்கோட்டை ரோட்டில் ஒரு கடை வாசலில் நின்றுகொண்டான். வாய் துடைத்துக்கொண்டு வந்த எல்லோரும் "எனக்கென்னலே, கல்லு மாதிரி இருக்கேன்" என்றே சொன்னார்கள். கடைக்காரருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "தம்பி, பரோட்டா தின்னா உடம்பு திடமா இருக்கும்னு பெரிசா எழுதித் தா. கல்லாவுக்கு மேல மாட்டிக்கிடுதேன்" என்று சால்னாவோடு ஒரு தட்டை நீட்டினார். பையன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி தட்டைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, முடியாம வீட்ல படுத்துக் கிடக்கவங்களை நான் இன்னும் கேக்கலையே."

இரண்டாம் தேர்வு

ஆண்டு முடிந்தது. அதே கேள்விகள். மதிப்பெண் மளமளவென்று சரிந்துவிட்டது. அருவிக் கேள்விக்குக் கீழே இசக்கியம்மாள், 'தெரியாது. குளிக்காதவர்களையும் கேட்டால்தான் சொல்லமுடியும்' என்று எழுதியிருந்தாள். மாடசாமி ஒரு கேள்விக்குப் பதிலாக, 'இதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள்?' என்று என்னையே கேட்டிருந்தான். விடைக்குறிப்பை எழுதியவன் நான். அதன்படி இரண்டுக்கும் பூஜ்யம். இத்தனை வருடம் எழுதிய அறிக்கைகளில் ஓரிடத்திலாவது 'தெரியாது' என்று எழுதியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். மேற்கொண்டு யோசிக்கப் பிடிக்கவில்லை.

ஸ்டெல்லா டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பயிற்சி, இந்த மார்க்கைப் பார்த்தால் அறக்கட்டளை மூடிவிடும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஒரு வாரம் டைம் குடுங்க சார். பழையபடி ஆக்கிடுதேன்."

என் முறை

பிள்ளைகளிடமே கேட்டுவிடுவோம் என்று வகுப்புக்குப் போனேன். "பயிற்சியில் என்ன கத்துக்கிட்டீங்க?" என்று தொடங்கினேன். இசக்கியம்மாள் எழுந்தாள். "சார், வீட்ல கையெழுத்து வாங்கிட்டிய. எங்ககிட்ட சம்மதம் கேக்கவே இல்லையே?" பின்னாலிருந்து மாடசாமி, "முழுசா வாசிக்கணும் சார்" என்றான். வாசித்தேன். 'எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம்' என்ற இடத்தில் எனக்கே அந்த ஆசை வந்தது.

"ஒரு சந்தேகம் சார்" என்றாள் மறுபடியும். "நாங்க உள்ளதைச் சொன்னா அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு இந்த ட்ரெயினிங் நின்னுருமா?" டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நிற்காது என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியாதும்மா" என்றேன். வகுப்பு கைதட்டிவிட்டது.

"இப்பத்தான் சார் ஒழுங்காப் பதில் சொல்லுதிய" என்றாள் இசக்கியம்மாள்.

முதல் தேர்வில் நூறு வந்த கதையையும், பிறகு மதிப்பெண் சரிந்ததையும் அப்படியே எழுதினேன். பிள்ளைகள் 'தெரியாது' என்று எழுதிய தாள்களையெல்லாம் பின்னிணைப்பாக வைத்து, பயிற்சி கட்டாயம் தொடரவேண்டும் என்றும் எழுதினேன். அறக்கட்டளைக்காரர் போனில் கூப்பிட்டு, "மார்க் குறைஞ்சா அதுக்குப் பேர் வெற்றியா?" என்று நெடுநேரம் கோபப்பட்டார், பின்னிணைப்பைப் படித்துவிட்டு மறுநாள் மறுபடி கூப்பிட்டு, இன்னும் ஓர் ஆண்டு கொடுத்தார், முதல் தேர்வின் கேள்வித்தாள் டீச்சர் கண்ணில் படக்கூடாது என்ற நிபந்தனையோடு.

எல்லாம் திட்டமிட்டபடி நடந்தால், அடுத்த ஆண்டு பிள்ளைகளுக்குத் தெரியாதவை இன்னும் அதிகமாகும் என்று மதிப்பிட்டிருக்கிறேன்.