தண்ணீர்ப் பானையின் மூடி

எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், தண்ணீர்ப் பானையை மூடியிருந்தது ஒரு யுத்த விமானத்தின் துண்டு. ஓரம் நெளிந்த அலுமினியத் தகடு; நடுவே ஒரே சீராக ஆணி அறைந்த தடம். கலியாணம் முடித்து, கல்முனைப் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்குக் குடிபோன புதிதில், தண்ணீர் அள்ளப் போய் அதைத் தூக்கிப் பார்த்தேன். பார்வைக்குத்தான் கனம், கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி இருந்தது. மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பது மாமிக்குப் பழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மகளிடம் சொல்வதுபோல எனக்குச் சொன்னார்: "அது பிளேன்ட தகடு. கீழ போட்டுடாமப் புடிக்கச் சொல்லு புள்ள."

மாமியின் வாப்பா கரைவலைக்காரர். நாற்பதுகளில், ஜப்பான் சண்டைக் காலத்தில் எங்கள் கடலில் ஒரு விமானம் விழுந்தது. முதலில் வலையில் தகடு வந்தது, பிறகு கரையில் ஒரு மையித்து ஒதுங்கியது. முகம் கடலோடு போயிருந்ததால் எந்த நாட்டான் என்று சொல்ல வழியில்லை. குளிப்பாட்டும்போது சுன்னத்துச் செய்த உடம்பு என்று கண்டார்கள். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. கபன் துணி சுற்றி, தொழுது, மையவாடியில் அடக்கினார்கள். மாமியின் வாப்பா வருடம் தவறாமல் அவனுக்காகக் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதி, கத்தம் கொடுத்து, நாலு ஏழைகளுக்குச் சோறு போட்டார். மௌத்தாகும்போது அந்தப் பொறுப்பை மாமியிடம் விட்டுப் போனார்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பள்ளிவாசலுக்கு ஓர் இளம் மௌலவி வந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் விசாரிக்காமல் விடமாட்டார். அந்த வருடம் கத்தம் ஓதக் கூப்பிட்டபோது, அடக்கப்பட்டவர் ஆர், இஸ்லாமானவர்தானா என்று கேட்டார். சுன்னத்தைத் தவிர எங்களுக்கு வேறொன்றும் தெரியாது என்றோம். தெரியாமல் ஓத முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஆக்கிய சோறு அப்படியே கிடந்தது. மாமி அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கு தன் கையிலேயே முறிந்துபோனது என்பதுதான் அவருக்கு வருத்தம்.

அதற்குப் பிறகுதான் கொழும்புப் பயணம். எனக்குப் புடவைக் கடை. சரக்கு எடுக்க அடிக்கடி புறக்கோட்டைக்குப் போவேன். பழைய யுத்த விமானங்களைக் கொழும்புக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள் என்று அங்குள்ள வியாபாரி ஒருவர் சொன்னதை வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த பயணத்துக்கு மாமி புறப்பட்டு நின்றார், தகட்டோடு. உள்நாட்டுச் சண்டையில் விமானங்கள் சுடப்பட்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. கிழக்கிலிருந்து போகும் பெட்டிக்குள் விமானத் துண்டு கிடந்தால் நானும் மாமியும் வீடு திரும்ப மாட்டோம் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். மாமி பெட்டியில் வைக்கவில்லை. பொரித்த மீன் சட்டிக்கு அதையே மூடியாக்கி, சீலைத் துண்டால் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கினோம், ஏறினோம். அடையாள அட்டை, பெட்டி, பை, மறுபடியும் பஸ். சிப்பாய்கள் மூடியைத் தூக்கி, மீனைப் பார்த்து, மூடிவிட்டுப் போனார்கள். மூடியை யாரும் பார்க்கவில்லை. கொழும்பு போய், விமானங்கள் இருக்கும் இடத்தைக் கேட்டுக் கண்டுபிடித்தோம்.

அங்கே எங்களை ஒரு வயதான சார்ஜன்ட் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனார். திருகோணமலையில் வேலை பார்த்துப் பழகிய தமிழ் அவருக்கு இருந்தது. பெரிய கொட்டகைக்குள் விமானங்கள், புதுப் பெயின்ற் அடித்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து நின்றன. எல்லாம் ஜப்பான் சண்டைக்குப் பிறகு வந்தவை. நாங்கள் தேடிப்போனது அங்கே இல்லை. சார்ஜன்ட் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இங்கிலீஸ் பிளேன் மாதிரி. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன், அம்மா."

அதில் இஸ்லாமானவர்கள் பறந்திருப்பார்களா என்று கேட்கச் சொன்னார் மாமி. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இருந்திருக்கலாம் என்றார் அவர். சுன்னத்து விசயத்தை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "வெள்ளைக்காரர்லயும் அது செய்ற ஆள் இருக்கு," என்றார். மாமி முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

திரும்பலாம் என்று நினைத்தேன். மாமி விடவில்லை. ஒவ்வொரு விமானத்தின் முன்னாலும் நின்று, பலகையில் உள்ளதை என்னை வாசிக்க வைத்தார். அதன் பெயர், செய்த நாடு, வந்த வருடம், ஓய்ந்த வருடம். ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். ஓர் ஆள் ஒடுங்கி உட்கார மட்டுமே இடமிருந்தது. இறங்கி வந்து, வாழ்க்கையில் முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்து நேரே கதைத்தார்.

"மருமகன், இதுக்குள்ள இருந்த ஆக்கள்ட பேர் ஒண்டும் எழுதல்லியா?"

"இல்ல மாமி."

"தகரத்துக்கு மட்டும் பேர் எழுதிக்காங்க," என்றார். கோபம்கூட இல்லை, அலுப்புத்தான்.

தகட்டைத் தந்துவிட்டுப் போனால் இங்கே வைக்கலாம் என்று சார்ஜன்ட் கேட்டார். "அப்ப தண்ணிப் பானைய எதால மூடுற?" என்று சொல்லி மாமி அதை மறுபடியும் மீன் சட்டியில் கட்டினார்.

ஊருக்கு வந்ததும் மௌலவியை வீட்டுக்கு அழைத்தார். கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார்: "அவன் ஆரெண்டு அங்கயும் தெரியாதாம். தெரியிற வரைக்கும் அவன் எங்கட ஆள்தான். நீங்க ஓதாட்டி நான் ஓதுறன்." மௌலவி, ஓதுவதற்கு முன் கை கால் கழுவி வுழூச் செய்யத் தண்ணீர் கேட்டார்.

சுனாமி வந்த காலையில் மாமி மட்டும் வீட்டில் இருந்தார். மையித்துக் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி, பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று அலைந்தோம். ஆள் தெரியாதவர்களை ஊருக்கு ஊர் அவசரமாக அடக்கியிருந்தார்கள். பானை உடைந்துபோனது. அப்பளம்போல இருந்த தகடு வேலிக் கம்பியில் சிக்கிக் கிடந்தது.

இப்போது வீட்டில் குழாய்த் தண்ணீர். மூடுவதற்குப் பானை இல்லாமல் தகடு குசினி யன்னலில் சும்மா சாய்ந்து நிற்கிறது. வருடத்தில் ஒருநாள் மனைவி அதைத் துடைத்து வைக்கிறாள். யாசீன் இப்போது இரண்டு பேருக்கு. போன தடவை துடைத்துக்கொண்டே கேட்டாள்: "உம்மாவ ஆரும் எடுத்து அடக்கியிருப்பாங்களா?"

தெற்கே, தமிழ் ஆக்கள் இருக்கிற திருக்கோவில் ஊர்ப் பக்கத்தில் ஏதோவொரு வீட்டில், பெயர் தெரியாமல் தாங்கள் அடக்கிய ஒரு கிழவிக்கு வருடத்துக்கு ஒரு விளக்கு ஏற்றி வைக்கிறார்களோ என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

"ஓம்," என்றேன். "ஆரெண்டு தெரியிற வரைக்கும் அவ அவங்கட ஆள்தானே."