எத்திராஜ் போட்ட கையெழுத்து

ஆவடியிலிருந்து நெமிலிச்சேரி வரைக்கும் ரயில்வேக்காரர்களிடம் சிக்னல் எத்திராஜைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, வேலையில் மனுஷன் அப்பழுக்கில்லாதவர். இன்னொன்று, அவரோடு வேலை பார்க்கிறவன் பாவம். இரண்டும் நிஜம். ஒரு நட்டை வேறொருவன் முடுக்கினால், அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் இவர் போய் இன்னொரு தரம் ஸ்பேனரை வைத்துப் பார்ப்பார். முப்பத்திரண்டு வருஷமாக இப்படித்தான். ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம் இருந்தது.

அவர் பொறுப்பில் இருந்தவை பாயின்ட்டுகள். தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்துக்குப் பெயர் பாயின்ட். ஒரு மோட்டார் தள்ள, நுனி சீவிய தண்டவாளம் நகர்ந்து பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிப் பூட்டிக்கொண்டால்தான் சிக்னல் பச்சையாகும். சரியாக ஒட்டுகிறதா என்று சோதிக்க ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் ஒரு இரும்புத் துண்டு உண்டு. அதை நடுவில் வைத்து பாயின்ட்டைத் திருப்பினால் பூட்டு விழக் கூடாது. விழுந்துவிட்டால் அந்த பாயின்ட்டை நம்பி வண்டியை விட முடியாது. வண்டிகள் மணிக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர் ஓடிய காலத்திலேயே எத்திராஜ் இந்தச் சோதனையை இரண்டு தரம் செய்வார். வேகம் நூற்றுமுப்பது ஆன பிறகு நான்கு தரம் செய்தார். உடன் வேலை செய்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள்.

மனைவி பெயர் ராஜகுமாரி. பெயரில் இருந்த ராஜபோகம் வாழ்க்கையில் இல்லை. கரையான்சாவடியிலிருந்து வாக்கப்பட்டு வந்து, நெமிலிச்சேரியில் ஒன்றரைக் கிரவுண்டு மனையில் வீடு கட்டி முடிக்கும் வரை அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்தாள். ஒரே மகள் லாவண்யாவுக்குக் காது குத்திய அன்றும் எத்திராஜ் யார்டில்தான் இருந்தார். மகள் அம்பத்தூர் ஐடி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ராஜகுமாரி மிஷினை விடவில்லை. புருஷன் சாப்பிட வரும் நேரத்தை யாராலும் கணிக்க முடியாது. அதனால் சோற்றை மூடி வைத்துவிட்டு அவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பாள்.

சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து நாற்பதுக்கு எத்திராஜ் மெமோவில் கையெழுத்துப் போட்டு ஒரு பாயின்ட்டைப் பராமரிப்புக்காகத் துண்டித்தார். மெமோ என்பது ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது கொடுத்த நிமிஷத்திலிருந்து அந்த வழியில் வண்டி வராது. வேலை முடிந்ததும், துண்டித்தவரே சோதித்துப் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்று மறுபடி கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். அவரால் முடியாத நிலை வந்தால், உடன் இருக்கும் இன்ஜினியர் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். இது எத்திராஜுக்கும் தெரியும்.

பதினொன்று பத்துக்கு லாவண்யாவிடமிருந்து போன் வந்தது.

"நைனா, அம்மாவுக்கு நெஞ்சு வலி. திருமுல்லைவாயில் தாண்டி ஒரு ஆஸ்பத்திரில சேத்துகீறோம். டாக்டரு உடனே வரச் சொல்றாரு. கெளம்பி வா நைனா."

பக்கத்தில் நின்ற இன்ஜினியர் சுலைமானுக்கு அது அத்தனையும் கேட்டது. எத்திராஜை விடப் பதினைந்து வயது இளையவர், பதவியில் பெரியவர், நல்ல மனுஷன்.

"அண்ணே, மொதல்ல கெளம்புங்க. மெமோவ என் பேருக்கு மாத்திக்கிறேன். மாஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"பத்து நிமிசம் சார். டெஸ்ட்ட மட்டும் பாத்துட்டுப் பூடறேன்."

"ஏன்ணே, டெஸ்ட்டு நான் பாக்க மாட்டேனா?"

"பாப்பீங்க சார். இல்லேன்னு சொல்லல. ஆனா போட்டது என் கையெழுத்து."

சுலைமான் இன்னொரு தரமும் சொன்னார். எத்திராஜ் அதற்குள் குனிந்து இரும்புத் துண்டை வைத்துவிட்டார். பாயின்ட் திரும்பியது. துண்டு நடுவில் இருக்கும்போதே பூட்டு விழுந்தது.

அதற்கு மேல் அவரை அங்கிருந்து யாரால் நகர்த்த முடியும்? வெயிலில் இரும்பு விரிந்திருந்தது. நட்டைத் தளர்த்தி, கம்பியை இழுத்து, மறுபடி முடுக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் இடறியது. இரண்டு லோக்கல் வண்டிகள் சிக்னல் கிடைக்காமல் வெளியே நின்றன. ராஜகுமாரியின் நினைவு வராமல் இல்லை. வந்துகொண்டேதான் இருந்தது. வந்த போதெல்லாம், இது வாயுப்பிடிப்பாகத்தான் இருக்கும், போன தையிலும் இப்படித்தானே துடித்தாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவர் கை மட்டும் நடுங்கவே இல்லை. பிற்பாடு அவர் தன்னை வெறுத்ததெல்லாம் அந்த நடுங்காத கைக்காகத்தான்.

பன்னிரண்டு பத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். ஆவடி மார்க்கெட் முன்னால் நெரிசல். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ராஜகுமாரி பன்னிரண்டு இருபத்தைந்துக்கே போய்விட்டிருந்தாள்.

லாவண்யா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எத்திராஜ் உள்ளே கூடப் போகவில்லை. அவள் முன்னால் நின்று, யாரும் கேட்காமலே சொன்னார்:

"மெமோ என் பேர்ல இருந்துச்சும்மா. உட்டுட்டு வர முடியாது. சட்டம் அப்புடி."

"சரி நைனா," என்றாள் மகள்.

அந்த ஒரு பொய்யை அவர் வாய் எப்படித்தான் முந்திக்கொண்டு சொன்னதோ! சொன்ன பிறகு அது நிற்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பாடியில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் மச்சானிடம் சொன்னார், எதிர்வீட்டு முத்தம்மாளிடம் சொன்னார், ராஜகுமாரியின் தம்பிகளிடம் சொன்னார். "ஆயிரம் பேரு போற பாதை, உட்டுட்டு எப்புடி வர முடியும்?" என்று நாலாம் நாள் ஜனத்தையும் சேர்த்துக்கொண்டார். வந்தவர்கள் நெகிழ்ந்து போய் அவரைத் தியாகியாக்கிவிட்டுப் போனார்கள். "கடமைன்னா நீதான்யா" என்று ஒருவர் தோளைத் தட்டினார். தட்டிய இடம் அவருக்குத் தீயாக எரிந்தது. ஒவ்வொரு முறையும் லாவண்யா பக்கத்திலேயே இருந்தாள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ராத்திரியில் அவருக்குச் சோறு போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள்.

ராஜகுமாரி இல்லாத வீட்டில் அவரால் உட்கார முடியவில்லை. அவள் தைத்து முடிக்காத ஒரு நீல ஜாக்கெட் மிஷினிலேயே கிடந்தது. கொடுத்தவள் வந்து கேட்கவும் இல்லை. அதைத் தொட அவருக்குத் தைரியம் வரவில்லை. வலிக்குதுன்னு சொன்னியேடி, நான் வரலியேடி என்று மனசுக்குள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே சொன்னதெல்லாம் சட்டம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, சாயங்காலம் சுலைமான் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். லாவண்யா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் சுலைமானுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னை மன்னிச்சிடும்மா. நான்தான் உங்கப்பாவைப் பிடிச்சுத் தள்ளியாவது அனுப்பியிருக்கணும். போங்கண்ணே, மெமோவை நான் வாங்கிக்கிறேன்னு ரெண்டு தரம் சொன்னேன். பத்து நிமிஷம்னாரு. நானும் சும்மா இருந்துட்டேன்."

எத்திராஜ் தரையைப் பார்த்தபடி இருந்தார். சுலைமான் வேண்டுமென்றே சொல்லவில்லை. அவர் தன் மனசில் இருந்த பாரத்தை இறக்கி வைத்தார், அவ்வளவுதான். காபியைக் குடித்துவிட்டு, ஆறுதலாக இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்று இருந்தது.

"லாவண்யா, நான் உன்கிட்ட..."

"எனக்குத் தெரியும் நைனா."

"யாரு சொன்னது? சுலைமான் சாரு போன் பண்ணாரா?"

"அம்மா சொல்லுச்சு."

எத்திராஜ் நிமிர்ந்தார். லாவண்யா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உனக்குப் போன் பண்ணி ரொம்ப நேரமாயும் நீ வரல. நைனாவ அங்க உட மாட்டேன்றாங்க போலகீதும்மான்னு சொன்னேன். ஒடனே சிரிச்சுச்சு. மூச்சு வாங்கிகினே சிரிச்சுச்சு. 'அவங்க போன்னுதான் சொல்லியிருப்பாங்கடி. உங்க நைனாதான் வரமாட்டாரு. அடுத்தவன் கை பட்டா அவுருக்குத் தாங்காது'ன்னுச்சு."

"அப்புறம்?"

"வாசலப் பாத்துகினே இருந்துச்சு. கடைசில என்னாண்ட சொல்லுச்சு. 'வந்து எதனா காரணம் சொல்லுவாரு. சரின்னு சொல்லிடு. சண்டை போடாத. பாவம், அவுருக்கு வேற யாரு கீறாங்க'ன்னு."

எத்திராஜ் மகளின் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினார். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"அம்மா சொல்லுச்சேன்னு பதினாறு நாளா சரி சரின்னுகினு இருந்தேன் நைனா. இனிமே என்னால முடியாது."

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். எத்திராஜ் நாற்காலியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை.