அர்பாபுக்கு ஒரு ரிவால்வர்

எண்பதுகளின் நடுவில், துவக்குச் சூட்டுச் சத்தம் கேட்காத இடம் தேடி யாழ்ப்பாணத்திலிருந்து ஓமானுக்கு வந்தவன் நான். சோஹாரில் ஒரு கட்டடக் கொந்தராத்துக் கம்பனியில் கிளார்க் வேலை. எங்கள் ஓமானி முதலாளியை எல்லோரும் அர்பாப் என்போம். குரலை உயர்த்தாத மனிதர்.

ஒரு காலை அவர் என் மேசையில் ஒரு துவாயை விரித்தார். உள்ளே மூன்று சிறிய ரிவால்வர்கள். நான் கதிரையோடு பின்னால் தள்ளிப் போய்விட்டேன்.

"பயப்படாதே, குண்டு இல்லை," என்றார் ஹிந்தியில். "பொலிஸ் அனுமதி எடுத்தாச்சு. கடைக்காரன் பார்த்து எடுக்கச் சொல்லித் தந்தான். புத்தகமெல்லாம் இங்கிலீஷ். ஜல்தி படிச்சு, எது நல்லது எண்டு சொல்லு. தினமும் உடுப்புக்குள்ள வைக்கிறது. வெளியில தெரியக் கூடாது. ஆனா நேராச் சுட வேணும்."

பக்கம் பக்கமாகப் புரட்டி வாசித்துச் சொன்னேன்.

பின்னேரம் மலையடிவாரத்து வறண்ட ஆற்றுக்குப் போனோம். கார் ஓட்டிய புதுக்கோட்டைக்காரர் ஐந்து பால் டின்களை வரிசையாக வைத்தார். அர்பாப் சுட்டார். ஆகச் சின்னது கையில் துள்ளியது. ஒரு டின்கூட விழவில்லை. நீண்ட குழல் உள்ளது நேராகச் சுட்டது, ஆனால் வெள்ளை அங்கிக்குள் துருத்திக்கொண்டு நின்றது. மூன்றாவது அளவாக இருந்தது. விசையை இழுக்கும்போதெல்லாம் அதன் முனை தாழ்ந்தது.

"நீ சுடு," என்று நீட்டினார். "பிழை என் கையிலயா, இதிலயா எண்டு பார்க்க வேணும்."

"எனக்குத் தெரியாது, அர்பாப்."

அவர் கேட்கவில்லை. மெதுவாக விசையை இழுத்தேன். ஐந்து குண்டுகளில் நான்கு டின்கள் விழுந்தன.

"அண்ணே, ஊர்ல சுட்டுப் பழகுனீங்களா?" என்றார் டிரைவர்.

"இல்லையப்பா. சத்தம் கேட்டு ஓடித்தான் பழக்கம்."

அவர் நம்பாமல் ஓரடி விலகி நின்றார். நானோ, மிச்சமிருந்த டின்னைப் பார்த்து, "இன்னும் ஒருக்கா?" என்று கேட்டுவிட்டேன். அதைக் கேட்டது என் வாய்தானா என்று திகைத்துப் போனேன்.

"கலாஸ், முடிஞ்சுது. இதுதான் வேணும்," என்றார் அர்பாப்.

திரும்பும் வழியில், யாருக்குப் பயந்து இது என்று கேட்டேன்.

"என் அண்ணனுக்கு," என்றார், வெயிலைப் பற்றிப் பேசுவதுபோல. "வாப்பாவின் பேரீச்சந் தோட்டத்தை முழுசாக் கேக்கிறான்."

அந்த அண்ணன் தினமும் பத்து மணிக்கு எங்கள் ஒஃபிசுக்கு வருபவர். அடுத்த நாளும் வந்தார். இருவரும் மூக்கோடு மூக்கு உரசி நலம் விசாரித்து, அருகருகே அமர்ந்தார்கள். தம்பியின் அங்கிக்குள் இருப்பது எனக்குத் தெரியும். நான் ஊற்றிய காவாக் கோப்பி கோப்பை நிரம்பி வழிந்தது.

ஒரு கிழமை கழித்து, தம்பி இல்லாத நேரத்தில் அண்ணன் வந்தார். என் பக்கம் குனிந்து ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகத்தை மேசையில் வைத்தார். அட்டையில் ரிவால்வர் படம்.

"நீ இதில கெட்டிக்காரன் எண்டு டிரைவர் சொன்னான். எனக்கும் ஒண்டு பார்த்துச் சொல்லு. தம்பிக்குத் தெரிய வேண்டாம்."

தெரியாது, தெரியாது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் சிரித்தபடி புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றே வேலையிலிருந்து ரிலீஸ் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அர்பாப் காரணம் கேட்டார். அண்ணன் வந்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் முந்திச் சுடுவாரோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் ஷார்ஜாவில் வேறு வேலைக்குப் போனேன். சோஹாரிலிருந்து வந்தவர்களை, அங்கே எங்கள் ஆட்கள் கூடும் ரோலா சதுக்கத்தில் அடிக்கடி சந்தித்திருக்கிறேன். அந்தச் சகோதரர்களைப் பற்றி ஒருவரிடமும் விசாரித்ததில்லை.