நான் தின்ற தொப்பி

எனக்குப் பத்து வயதானபோது ஒரே வருடத்தில் இரண்டு பிறந்தநாள் வந்தது. முதலாவது ஜனவரியில், எல்லாருக்கும் வருவதுபோல் வந்து, அம்மா கிண்டிய கேசரியோடு முடிந்தது. இரண்டாவது மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. வாசலில் கூடாரம், ஐம்பது பேருக்குக் கேட்டரிங் சாப்பாடு, கடையில் சொல்லிச் செய்த இரண்டு அடுக்குக் கேக். இப்படியொரு அதிர்ஷ்டம் வகுப்பில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை என்பதில் எனக்கு மகா கர்வம்.

உண்மையில் அந்தக் கூடாரமும் கேக்கும் அக்காவுக்காகச் சொல்லிவைத்தவை. அப்பாவுக்கு எதையும் முன்கூட்டியே செய்துவிடுகிற வியாதி உண்டு. கிள்ளான் துறைமுகத்தில் வேலை. கப்பல் வருவதற்கு முன்பே லோரிக்குச் சொல்லிவைத்துப் பழகியவர். அக்காவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வியாழக்கிழமை வரும் என்று தெரிந்ததும், அதற்கடுத்த சனிக்கிழமைக்கு வீட்டில் நன்றிப் பூஜை என்று எல்லாச் சொந்தங்களுக்கும் போன் போட்டுவிட்டார். அக்கா எப்போதும் வகுப்பில் முதல். அடுத்து ஒரு வருட மெட்ரிகுலேஷன், பிறகு மருத்துவம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அடுத்த தெரு மளிகைக் கடைக்காரர் வரைக்கும் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை மதியம் அக்கா முடிவுத்தாளை எட்டாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தாள். கெமிஸ்ட்ரியில் சி. கூடுதல் கணிதத்தில் டி. மற்றவற்றில் ஏ இருந்தது என்பது அன்றைக்கு யாருக்கும் கண்ணில் படவில்லை. பல்கலைக்கழகம் போக இருந்த இன்னொரு வழியான ஆறாம் படிவத்துக்கு ஆசிரியர் கையோடு கொடுத்தனுப்பிய விண்ணப்பப் பாரத்தைச் செருப்பு அலமாரி மேல் போட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

அது என்னுடைய அறையும்தான். என் வண்ணப் பென்சில்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. அம்மா கதவருகே வைத்த சோற்றுத் தட்டு அப்படியே இருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்ததில் உள்ளேயிருந்து ஒரே ஒரு பதில் வந்தது. "நான் இனிமே படிக்கல மா. ரவாங் ஃபேக்டரியில ஆள் எடுக்கறாங்க, நான் வேலைக்குப் போறேன். என்னை விட்டுருங்க."

அம்மா அந்தப் பாரத்தை எடுத்துத் துடைத்து ஐஸ்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினாள். திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அப்பா வெளியே போய்க் காரைக் கழுவினார். காய்ந்ததும் மறுபடி கழுவினார். கேட்டரிங்காரருக்குப் போன் போட்டால், சாமானெல்லாம் வாங்கியாச்சு என்றுவிட்டார். வராதீர்கள் என்று சொந்தங்களுக்குச் சொன்னால் ஏன் என்பார்கள். வரட்டும் என்று விட்டால் அக்காவை நடுவில் உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கேட்பார்கள். அதிலும் பெரியப்பா வருவார். அவர் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும், அது சாவு வீடாகவே இருந்தாலும், முதல் கேள்வி "எத்தனை ஏ?" என்பதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி அத்தை வந்துசேர்ந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்தவள்; யார் அழுதாலும் முதலில் அவர்கள் சாப்பிட்டார்களா என்றுதான் விசாரிப்பாள். மாடியைப் பார்த்தாள், தொடாத தட்டைப் பார்த்தாள், மூன்றாவது தடவையாகக் கழுவப்பட்டுக்கொண்டிருந்த காரைப் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ரோகிணி. நம்ம சின்னவளோட நட்சத்திரம். சாப்பாடு அவ பிறந்தநாளுக்கு."

"அண்ணி, அவளுக்கு வந்து..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"ரோகிணி" என்றாள் அத்தை. அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கு நியாய உணர்ச்சி கொஞ்சம் அதிகம். "எனக்குத்தான் ஜனவரியிலயே முடிஞ்சிருச்சே அத்தை" என்றேன்.

"அது இங்கிலீஷ் தேதிக்கு. இது நட்சத்திரத்துக்கு. வேணாம்னா சொல்லு, எனக்கு வச்சுக்கிறேன். கேக் திங்க எனக்கு என்னா கசக்குதா?"

என் நியாய உணர்ச்சி அத்தோடு அடங்கியது. அன்று பிற்பகல் முழுக்க அத்தை எங்கள் வீட்டுத் தொலைபேசி நோட்டை வைத்துக்கொண்டு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்காக எவ்வளவு பாடுபடுகிறாள் என்று நினைத்தேன். ஒட்டுக்கேட்கப் போனபோது துரத்திவிட்டாள். பிறந்தநாள் பிள்ளைக்குத் தெரியக்கூடாத ஏற்பாடு ஏதோ நடக்கிறது என்று பூரித்துப்போனேன்.

சனிக்கிழமை காலை கேக் வந்தது. பெட்டியைத் திறந்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேக்கின் உச்சியில் சர்க்கரையில் செய்த கறுப்புப் பட்டமளிப்புத் தொப்பி ஒன்று, குஞ்சத்தோடு உட்கார்ந்திருந்தது. கீழே அக்காவின் பெயர். கேக்கை மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது யாருக்கும் நினைவில்லை. அத்தை வெண்ணெய்க் கத்தியை எடுத்துப் பெயரை வழித்தாள். தொப்பியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். "டக்குனு வாயில போடு. யாரும் பார்க்கறதுக்குள்ள."

தொப்பி கல் மாதிரி இருந்தது. குழாயடியில் குந்தி உட்கார்ந்து பத்து நிமிடம் போராடி அதைத் தின்று முடித்தேன். தொப்பி இருந்த பள்ளத்தில் அத்தை செர்ரிப் பழங்களைக் கொட்டிப் பத்து மெழுகுவர்த்திகளை நட்டுவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் கூடாரம் நிறைந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் என் கன்னத்தைக் கிள்ளினார்கள், பார்சல்களைக் கொடுத்தார்கள். இவர்களில் பாதிப் பேர் ஜனவரியில்தான் கேசரி தின்றுவிட்டுப் போனவர்கள். ஒருவர்கூட இது ஏது இன்னொரு பிறந்தநாள் என்று கேட்கவில்லை. என் செல்வாக்கு அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

கேக் வெட்டும் நேரம் வந்தது. எல்லாரும் கூடத்துக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். அக்கா இறங்கி வரவில்லை. ஜனவரியில் என் கையைப் பிடித்து வெட்டியது அவள்தான். அவள் இல்லாமல் வெட்டினால் கேக் கோணலாகப் போகும் என்பது என் கவலை. மாடியேறிப்போய்க் கதவைக் காலால் உதைத்தேன்.

"எனக்குப் பிறந்தநாள்! நீ வரலனா நான் வெட்ட மாட்டேன். எல்லாரும் பசியா இருக்காங்க. உன்னாலதான்!"

இன்னொரு தடவை உதைத்தேன். பிறகு தாழ் விலகியது. அக்காவின் முகம் வீங்கியிருந்தது. "வெட்டிட்டு உடனே மேல வந்துருவேன். ஒரு நிமிஷம்தான்" என்றாள்.

அவள் படியிறங்கியதும் கூடத்தில் ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த கணம் யாரோ பாட்டை ஆரம்பிக்க, தெருமுனைவரை கேட்கும்படி எல்லாரும் பாடினார்கள். என் கைமேல் இருந்த அக்காவின் கை வேர்த்து வழுக்கியது. கேக் கோணலாகத்தான் போனது. நிமிர்ந்தால் எதிரே பெரியப்பா நிற்கிறார். அக்கா மூச்சை இழுத்துப் பிடித்தது என் முதுகுக்குத் தெரிந்தது. வெளியே கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு அப்பா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா குனிந்து என்னைப் பார்த்தார். "நாக்கு ஏன்மா கறுப்பா இருக்கு?"

பெரியப்பாவிடம் பொய் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. "அக்காவோட தொப்பியைத் தின்னுட்டேன் பெரியப்பா."

அத்தை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"முழுசாவா?" என்றார் பெரியப்பா.

"ஆமா."

"நல்லா இருந்துச்சா?"

"இல்ல. ரொம்பக் கெட்டி."

"பின்ன? உங்கப்பன் அவசரப்பட்டுச் செய்யச் சொன்னா அப்படித்தான் லா இருக்கும்" என்றார் பெரியப்பா, வாசல் பக்கம் பார்த்து.

அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்றுதான் திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது, சிரிப்பும் நிற்கவில்லை. அப்பாவும் வெளியே சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது. பெரியப்பா மட்டும் சிரிக்காமல், "பெரியவளே, பாயாசம் இருக்கா மா?" என்றார். அக்கா ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். அதையும் கொண்டுவந்தாள். அப்புறம் அடுத்தவர் கேட்டார், அதற்கடுத்தவர் கேட்டார். ஒரு நிமிடத்துக்கு இறங்கி வந்தவள் சாப்பாடு முடியும்வரை பரிமாறிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டாள்.

எனக்கு அதன்பிறகுதான் துக்கம் ஆரம்பித்தது. பார்சல்களைப் பிரித்தேன். முதலில் ஒரு மேசை விளக்கு. அடுத்தது என் முதுகைவிடப் பெரிய தோள்பை. ஒரு டஜன் தடித்த நோட்டுகள். ஒரு சுடுநீர்க் குடுவை. பெரியப்பாவின் பார்சலில், ஐம்பது பொத்தான்கள் வைத்த அறிவியல் கால்குலேட்டர். நான்காம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாட்டைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்! மக்சிக் என்று நாங்கள் அழைக்கும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஒருவர் மட்டும்தான் முறையாக ஒரு பொம்மை வாங்கி வந்திருந்தார். பிள்ளைகளின் மனம் அவருக்காவது தெரிந்திருக்கிறதே என்று பொம்மையை இடுக்கிக்கொண்டு அழுதேன்.

"இதெல்லாம் எனக்கு எதுக்கு? நீயே வச்சுக்க!" என்று எல்லாவற்றையும் அக்காவின் மடியில் தள்ளினேன். அக்கா கால்குலேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவளும் அழ ஆரம்பித்தாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெரியப்பா, நான் அவர் பரிசைத் தூக்கிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டார். திட்டு விழப்போகிறது என்று நடுங்கினேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, தம் குடை எங்கே என்று அப்பாவைக் கேட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஐஸ்பெட்டியில் காந்தம் மட்டும் இருந்தது. புதுத் தோள்பையை மாட்டிக்கொண்டு அக்கா அப்பாவோடு காரில் ஏறினாள். ஆறாம் படிவம் இரண்டு வருடம். அந்த விளக்கு எங்கள் அறையில் எரிந்து என் தூக்கத்தைக் கெடுத்தது. மருத்துவம் கிடைக்கவில்லை. உணவு அறிவியல் படித்தாள். இன்றைக்கு அதே துறை வேலையில் நன்றாக இருக்கிறாள். என் பிள்ளைகள் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று வாரா வாரம் போன் போட்டு உயிரை எடுக்கிறாள்.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் குட்டு உடைந்தது. பொருத்தம் பார்த்தவர் ஜாதகத்தைப் பிரித்து, என் நட்சத்திரம் சுவாதி என்றார். பல்கலைக்கழகம் போனதிலிருந்து எத்தனையோ கோயில்களில், ஒருதடவை பத்துமலையில் படியேறி மூச்சிரைக்க நின்றும்கூட, ரோகிணி என்று சொல்லி அர்ச்சனை செய்திருந்தேன். அத்தனை அருளும் யாரோ ஒரு ரோகிணிக்காரிக்குப் போயிருக்கிறது. அம்மாவைக் கேட்டேன். அம்மா சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் அந்த வெள்ளிக்கிழமை, சமையலறைக் கதவுக்குப் பின்னால் அத்தை ஒவ்வொருவரிடமும் என்ன பேசினாள் என்று சொன்னாள்.

"ரிசல்ட் சரியா வரல. பிள்ள கதவத் தொறக்க மாட்டேங்குது. சாப்பாடு இருக்கு, வாங்க. சின்னவளுக்குப் பிறந்தநாள்னு வச்சுக்குவோம். மார்க் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. ஏதாச்சும் வாங்கணும்னா பெரியவளுக்கு ஆறாம் படிவத்துக்கு ஆகற மாதிரி வாங்குங்க. சின்னவளுக்குப் புடிக்காது, அவளே தூக்கிக் குடுத்துருவா."

மார்க் கேட்கக்கூடாதென்றால் அந்தப் பிள்ளையிடம் வேறு என்னதான் கேட்பது என்று பெரியப்பா போனில் உண்மையாகவே திகைத்துப்போனாராம். பாயாசம் கேளுங்கள் என்றாளாம் அத்தை. பெரியப்பாவுக்கு அப்போதே இனிப்புநீர் வியாதி. வீட்டில் தேநீருக்குக்கூடச் சீனி போடமாட்டார்கள். அன்றைக்கு இரண்டு டம்ளர் குடித்திருக்கிறார்.

இப்போது அவர் இல்லை. அத்தைக்கு வயதாகிவிட்டது, பிரிக்பீல்ட்ஸில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்ல வாயெடுக்கிறேன், அவள் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறாள். பக்கத்து வீட்டு மக்சிக்கையும், கால்குலேட்டர் கைக்கு வரும்வரை அக்காவையும் தவிர, அன்றைக்கு அந்தக் கூடாரத்தில் விஷயம் தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், எனக்காக ஐம்பது பேர் வந்து தொண்டை கிழியப் பாடினார்கள், அவர்களில் மக்சிக்கைத் தவிர ஒருவருக்கும் ஒழுங்காகப் பரிசு வாங்கத் தெரியவில்லை என்பது மட்டும்தான்.