ராய்ஸ் மாட்டிய புது விசை

வெல்டாவை அந்த வேட்டைக்காரர் கிளப்பில் ஒருத்தருக்கும் பிடிக்காது. மற்ற நாளெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டி வாண்டுகளைக் கத்தியே அடக்குகிறவள், லீவு நாளில் அதே தொண்டையோடு கிளப்பின் துப்பாக்கி சுடும் திடலுக்கு மேற்பார்வையாளராக வந்து நிற்பாள்.

மறுநாள் மான் வேட்டை தொடக்கம். பென்சில்வேனியா மலைக்காரர்கள் குறி சரிபார்க்கக் குவிந்திருந்தார்கள். அவள் தங்கை நெட்டியும், நெட்டியின் புருஷன் ராய்ஸும் வந்திருந்தார்கள். தன் ரைஃபிளின் பழைய விசையைக் கழற்றிவிட்டு, தபாலில் வரவழைத்த லேசான விசையை ராய்ஸே வீடியோ பார்த்து மாட்டியிருந்தான். "மூச்சு பட்டாலே வெடிக்கும்" என்று பார்த்தவனிடமெல்லாம் பீற்றல் வேறு.

காட்டில் தடம் பார்க்கத் தெரிந்தவள் நெட்டிதான். அதனால் அவள் முன்னால் நடப்பாள். துப்பாக்கியோடு அவன் பின்னால். அதனால்தான் வெல்டா அவன் சுடும் மேசைக்குப் பின்னாலேயே வந்து நின்றாள்.

ராய்ஸ் தோட்டாவை ஏற்றி, பாதுகாப்புப் பூட்டை விடுவித்தான். டிக். வெடிக்கவில்லை. அவன் விரல் விசைப் பக்கமே போகவில்லை என்பதை வெல்டா பார்த்துவிட்டாள்.

"செத்த தோட்டா" என்றபடி ராய்ஸ் துப்பாக்கியோடு இந்தப் பக்கம் திரும்ப முயன்றான்.

"திருப்பாதடா! குழலை எதிர்ல இருக்கற மண்மேட்டைப் பார்த்தே புடி. போல்ட்டைத் தொடாத. லேட்டா வெடிச்சாலும் வெடிக்கும். ஒரு முழு நிமிஷம் அப்படியே இரு."

"இது உன் பஸ்ஸா? நான் என்ன மூணாங்கிளாஸா?"

"மூணாங்கிளாஸ் புள்ள சொன்னாக் கேக்கும்."

"விசையை அழுத்தினேன், வெடிக்கல. அவ்வளவுதான்."

"அழுத்தவே இல்ல நீ. பொய் சொல்ற மூஞ்சியப் பாரு."

பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். வெல்டா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

நிமிஷம் முடிந்ததும் தோட்டாவை வெளியே எடுக்க வைத்தாள். தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி அதன் பின்பக்கம் லேசாகத்தான் பட்டிருந்தது. மிச்சத் தோட்டாக்களையும் எடுக்கச் சொல்லி, துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் தன் விரலையே விட்டுப் பார்த்தாள். காலி. குழல் மண்மேட்டைப் பார்த்தபடியே மேசையில் கிடக்க, போல்ட்டை மூடிப் பூட்டைப் போட்டாள்.

"இப்பக் கையைப் பின்னால கட்டு. நெட்டி, நீ வா. விசையைத் தொடாம பூட்டை மட்டும் தள்ளு."

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்க..."

"தள்ளுடி." குரல் உடைந்தது. உடனே இருமலாக மாற்றிக்கொண்டாள்.

நெட்டி ஒற்றை விரலால் தள்ளினாள்.

டிக்.

"விசையத் தொடாமலே ஊசி அடிக்குது, நாளைக்குக் காட்டுல இவ முதுகுக்குப் பின்னால பூட்டை எடுத்திருப்ப," என்றாள் வெல்டா.

"ஒரு திருகைச் சரி பண்ணினாப் போதும்," என்றான் ராய்ஸ். "சாயங்காலம் நானே பாத்துக்கறேன்."

நெட்டி அவனைப் பார்த்தாள். எது இல்லாமல் அந்தத் துப்பாக்கி வெடிக்காதோ அந்த போல்ட்டை முழுசாக உருவித் தன் கோட்டுப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"துப்பாக்கிக் கடைக்காரன் பாத்துச் சரின்னு சொல்லட்டும், தரேன். நாளைக்கு நான் அக்கா கூடப் போறேன். நீ வேணும்னா குச்சி எடுத்துட்டு எங்களுக்கு முன்னால நட."