கனமானது மேலே

எங்கள் குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. இந்த நாட்டில் தங்கி வேலை பார்க்க அனுமதி தருகிற பெர்மிட் ஆபீஸில் மனுக்களைப் படிக்கிறவர்கள் கோர்வையாக எழுதியதைத் தொடுவதே இல்லையாம். கரும்புள்ளி வைத்து வரிசையாகப் போட்டிருந்தால் மட்டும் கண்ணை ஓட்டுவார்களாம். என்னிடம் சொன்னவர் கீழ்வீட்டு டிரைவர். அவரிடம் சொன்னவர் அவருக்கு முடி வெட்டுகிறவர். அதற்கு முன்னால் யார் என்று கேட்டால், "இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்பார்.

அந்தப் பேச்சை நம்பி நாங்கள் எல்லோரும் போய் நின்ற இடம் புள்ளி அண்ணனின் மேசை. நான் வேலை பார்க்கிற நகல் கடையின் உள்மூலையில்தான் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், எதிரே வருகிறவர்களுக்கு ஒரு கால் ஆடுகிற ஸ்டூல். இந்த ஊர் மொழி அவருக்கு எழுத்தில் நன்றாக வரும். பேச்சென்று வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பால் வாங்கப் போனாலும் பாக்கெட்டைக் காட்டித்தான் வாங்குவார்.

வருகிறவர்கள் பிறந்ததிலிருந்து ஆரம்பிப்பார்கள். அவர் திரையைப் பார்த்தபடி முழுக்கக் கேட்பார். பிறகு ஐந்து புள்ளிகள், அதற்கு மேல் கிடையாது. ஒரு புள்ளிக்கு ஒரு சேதி, ஒரு சேதிக்கு ஒரு வரி. கனமானது மேலே, லேசானது கீழே. ஒரு முறை ஒரு தையல்காரி தானே எழுதிய மனுவோடு வந்தாள். வணக்கத்துக்குக்கூடப் புள்ளி வைத்திருந்தாள்.

"என்னம்மா, அம்மை போட்ட மாதிரி இருக்கு. எல்லாத்துக்கும் புள்ளி வெச்சா எதுக்குமே வெக்காத மாதிரிதான்" என்றார். அவளே சிரித்துவிட்டாள். அவர் ஐந்தாகக் குறைத்துக் கொடுத்த அந்த மனு தேறியது. என்னுடையதும் அப்படித்தான் தேறியது.

பிறகு அவருடைய மச்சினன் விஷயம் வந்தது. கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். அக்கா வீட்டில்தான் இருக்கிறான். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு பிசகிப் படுத்துவிட்டான். எழுந்திருக்க முடியாததால் பெர்மிட் நேர்காணலுக்குப் போகவில்லை. போகாததால் பெர்மிட் நின்றது. பெர்மிட் நின்றதும் கிடங்கில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். ஏன் நேர்காணலுக்கு வரவில்லை என்று ஆபீஸ் விளக்கம் கேட்டது.

சொந்த மனிதன் என்பதால் புள்ளி அண்ணன் இரட்டைக் கவனத்தோடு உட்கார்ந்தார். ஆபீஸ் கேட்பது நேர்காணலைப் பற்றி. ஆக அதுதான் கனம், அது மேலே. அடுத்தது வேலை போனது. மூன்றாவதாக ஏணியிலிருந்து விழுந்தது. பிறகு சிகிச்சை, கடைசியில் அக்கா வீடு. வரி நீளுகிறது என்று தேதிகளை எடுத்துவிட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் தேதி இருக்கிறதே என்று அதைப் பின்னால் இணைத்தார். பிரிண்ட் எடுத்தது நான்தான். பார்க்க லட்சணமாக இருந்தது.

பதில் வந்தது. மனுதாரர் நேர்காணலுக்கு வராமல், வேலையையும் இழந்த பிறகுதான் கீழே விழுந்திருக்கிறார். ஆகவே அந்தக் காயத்தைக் காரணமாக ஏற்க இயலாது. மாத முடிவுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். இனி எழுத்தில் எதுவும் பெறப்படாது. மனுவைத் தயாரித்தவர் வேண்டுமானால் தொலைபேசியில் விளக்கலாம்.

அண்ணன் கனம் பார்த்து அடுக்கினார். அங்கே எவரோ அதை நடந்த வரிசை என்று படித்திருக்கிறார். பின்னால் இருந்த சீட்டை யாரும் புரட்டவில்லை. தனித்தனியாக நிற்கிற சேதிகளுக்குப் புள்ளி பொருந்தும். ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வருகிற கதையை எப்படி வெட்டுவது?

அண்ணி தம்பியை அழைத்துக்கொண்டு கடைக்கே வந்தாள். சத்தம் போடவில்லை.

"விழுந்தான், அதனால போகல, அதனால வேலை போச்சு. நாலு வயசுப் புள்ள கூட இப்படித்தாங்க சொல்லும். இத எதுக்குத் துண்டு துண்டா வெட்டினீங்க?"

"கோர்வையா எழுதினா படிக்க மாட்டாங்கன்னு..."

"யாரு சொன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரில் தாள் இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்துகொண்டேன்.

"விடுக்கா, மாமா வேணும்னேவா பண்ணாரு?" என்றான் மச்சினன். ஸ்டூலில் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றான்.

உங்களுக்குப் பதிலாக நான் பேசட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். தயாரித்தவர்தான் பேச வேண்டும் என்று போட்டிருக்கிறதே, இனி ஒரு பொய்யும் சேர வேண்டாம் என்றார். பேச வேண்டியதை எழுதிக்கொள்ளலாமென்று தாளை இழுத்தார். பழக்க தோஷத்தில் முதலில் ஒரு புள்ளி விழுந்தது. அண்ணி தாளை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"படிக்காதீங்க. வாயால சொல்லுங்க. தப்பா வந்தாலும் பரவால்ல."

எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஃபோனை மேசையில் வைத்தார். பதிவு செய்த குரல் ஏதோ சொல்லிவிட்டு லைனைக் கொடுத்தது. மணி அடித்தது. அவர் இந்த ஊர் மொழியில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார்: விழுந்தான், அதனால்... அந்த 'அதனால்' வருமிடத்தில் ஒவ்வொரு தடவையும் தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கழுத்தில் வியர்வை இறங்கியது. நகல் எடுக்க வந்த ஒரு பெண்ணை நான் கையால் நிற்கச் சொன்னேன்.

"எடுத்துட்டாங்களா மாமா?"

அவர் பேசாதே என்று கையைக் காட்டினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.